யானை நீந்துவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் வாடகை வான் ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற குடும்பங்கள் பாசிக்குடா, கதிர்காமம் எல்லாம் முடித்துவிட்டு, "தம்பி, யானை பார்க்க வேணும்" என்பார்கள். வெறுமனே யானையைப் பார்க்க அலையத் தேவையில்லை. வெல்லாவெளிப் பக்கம் நெல் விளைகிற நேரத்தில் அதுவே வீட்டு வாசலுக்கு வரும். நீந்துகிற யானையைப் பார்க்க ஆசையென்றால் அம்பாறையைத் தாண்டி இங்கினியாகலைக்குப் போங்கள்.

பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் அங்கேதான் இருக்கிறது. இலங்கையிலேயே பெரிய குளம். தண்ணீர் ஏறியபோது மூழ்காமல் மிஞ்சிய குன்றுகள்தான் இப்போது தீவுகள். சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா ஆனது. தீவில் யானைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புல்தான். தண்ணீர் வற்ற வற்றக் கரையோரம் இளம்புல் தளிர்க்கும். ஒரு தீவை மேய்ந்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நீந்தும். அதனால் மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் போவது நல்லது. மாரி மழையில் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

விடியற்காலை, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பின்னேரம். வனஜீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் எடுத்துப் படகில் ஏறலாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபடியே இருங்கள். வெக்கை என்று கழற்றி மடியில் வைப்பவர்களுக்கு என்ன சொல்வது!

தண்ணீரில் முழு யானையைத் தேடாதீர்கள், கிடைக்காது. தூரத்தில் கரிய மரக்கட்டை மிதப்பது போலத் தெரிவது தலையின் மேற்புறம். அதற்கு முன்னால் தும்பிக்கை நுனி எழும்பும், 'புஸ்' என்று மூச்சு விடும், கொஞ்சம் சரியும், திரும்ப எழும்பும். சில நேரம் தலையும் உள்ளே போய்விட, தும்பிக்கை மட்டும் தனியாக நகரும். எஞ்சின் நின்றிருந்தால் அந்த மூச்சுச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

ஆழத்தில் நின்றுகொண்டு நீளமான குழாயால் மேலேயிருந்து மூச்சு இழுக்க நம்மால் முடியாது. தண்ணீரின் அழுத்தம் நெஞ்சை நெருக்கும். நமக்கு நுரையீரலைச் சுற்றி மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. யானைக்கு அந்த இடத்தில், உறுப்புகளை ஒட்டிப் பிடிக்கும் உறுதியான இணைப்பிழையம் நிரம்பியிருப்பதால் அழுத்தத்தைத் தாங்கும். உடம்பும் தானாக மிதக்கும். நான்கு காலாலும் துழாவிக்கொண்டு போகும். 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால் நடுக்கடலில் தத்தளித்த யானை ஒன்றைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது ஞாபகம் இருக்கும். அதுவும் தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டுதான் அவ்வளவு தூரத்தில் உயிரோடு இருந்தது.

யானையின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கக் கரைவரைக்கும் மனதில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் அதன் பாதை. படகு அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டக்கூடாது. மறித்தால் பாதி வழியில் திரும்பிவிடும். குட்டி இருந்தால் பாவம், இரண்டு மடங்கு நீந்த வேண்டும். உங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்துப் படகுக்காரர், "கிட்டப் போகவா?" என்று கேட்கலாம். வேண்டாம், தள்ளியே நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுங்கள். பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

குட்டி தாயின் விலாவோடு ஒட்டி வரும். அதன் தலை அடிக்கடி முங்கி எழும்பும். "ஐயோ, தாழுது!" என்று படகில் எழுந்து நிற்காதீர்கள், பெரிய பெண் யானைகள் பக்கத்திலேயே இருக்கும். கரையோரம் இளசுகள் ஒன்றையொன்று தள்ளுவதும், மேலே ஏறி அமுக்குவதும் வெறும் விளையாட்டு. ஆனால் தலையை உயர்த்தி, காதை விறைப்பாக விரித்து உங்களையே பார்த்தாலோ, குட்டியை நடுவில் விட்டுக் கூட்டம் நெருங்கி நின்றாலோ, சரி, பார்த்தது போதும் என்று படகைப் பின்னுக்கு எடுங்கள்.

கரையேறுவதைத் தவற விடாதீர்கள். நனைந்த இடமெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்கும். நனையாத நெற்றி மட்டும் சாம்பல் நிறமாக இருக்கும். ஏறிய கையோடு மண்ணை அள்ளி முதுகில் எறியும். குளித்த உடனே அழுக்காக்குகிறதே என்று எங்கள் மாமி ஒருவர் கவலைப்பட்டார். வெயிலும் பூச்சியும் தோலை வதைக்காமல் இருக்கத்தான் அந்த மண் பூச்சு.

ஊர்க்குளங்களில் கதை வேறு. அங்கே படகு இல்லை, நீங்கள் குளக்கட்டின் மேல் நிற்பீர்கள். பொழுதுபடும்போது தனியன் யானை இறங்கினால், குளத்துக்கும் காட்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள். கோடையில் குட்டி சேற்றில் புதைந்திருந்தால் கயிறு தேடி ஓடாமல் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாய் தூரப் போயிருக்காது.

பின்னேரப் படகென்றால் இருட்டுமுன் புறப்படுங்கள். வழியில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், லைட்டைத் தாழ்த்தி, வாகனம் பின்னுக்குப் போக இடம் விட்டு நிறுத்துங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்த வேண்டாம்.