பிலாட்டீஸ்: முதுகுவலிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

முதுகுவலிக்கு பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறை நல்லது என்று யாராவது சொன்னதும், பலரும் யூடியூபைத் திறந்து நேரே 'ஹன்ட்ரட்' பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளை நூறு முறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுப்பது, ஐந்து அசைவுக்கு விடுவது. பார்க்கச் சுலபம்தான். ஆனால் வயிற்றில் வலு இல்லாதவருக்குக் கால் சற்றே தாழ்ந்தாலும் இடுப்பு வில்லாக மேலே எழும்பிவிடும். அப்போது பாரம் போவது, ஏற்கெனவே வலிக்கிற கீழ்முதுகுக்கு. மறுநாள் காலை பல் தேய்க்கக் குனியும்போது அது தெரியும்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள் உண்டு. முதலாவதே ஹன்ட்ரட்தான். முதலில் இருப்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. கட்டுப்பாடுதான் முக்கியம், எண்ணிக்கை அப்புறம்.

அடுத்த தவறு, முதுகை எப்போதும் தரையோடு அழுத்தி வைப்பது. கீழ்முதுகுக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றிப் படுத்து, இடுப்புக்குக் கீழே விரல்களை நுழைத்துப் பாருங்கள். சின்ன இடைவெளி இருக்கும். விரல்கள் அங்கேயே இருக்கட்டும். மூச்சை விட்டபடி ஒரு பாதத்தை மட்டும் மெல்லத் தூக்குங்கள். விரல்கள் நசுங்கினாலோ இடைவெளி பெரிதானாலோ முதுகு அசைந்துவிட்டது என்று அர்த்தம். கால் அசைய, முதுகு சும்மா இருக்க வேண்டும். இப்படி நாலு முறை செய்தாலே போதும். அவசரமாகச் செய்யும் இருபதைவிட அது மேல்.

கட்டிலில் செய்தால் இதெல்லாம் தெரியாது, மெத்தை அமுங்கிவிடும். கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கும். ஜமக்காளத்தை மடித்து விரித்தாலே சரி.

போட்டோவுக்கு நிற்பதுபோல வயிற்றை எக்கி மூச்சைப் பிடிப்பவர்களும் உண்டு. செய்யும்போது நாலு வார்த்தை பேச முடியவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பவர்கள் 'ரோல் அப்' (படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழுவது), பந்துபோல உருளும் பயிற்சி போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். முன்புறம் சுருளும்போது பலவீனமான முள்ளெலும்பு நசுங்கி முறியக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. டிஸ்க் பிதுங்கியவர்களும் பிசியோவைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

பணம் கட்டி 'ரிஃபார்மர்' என்ற ஸ்பிரிங் வைத்த நகரும் பலகைக் கருவி வகுப்பில் சேர்ந்தால்தான் பலன் என்பதும் தப்புக் கணக்கு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பெரிதாகச் சிகிச்சை எதுவும் எடுக்காமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் கீழ்முதுகு வலியைக் குறைக்கக்கூடும் என்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லவில்லை. நடைப்பயிற்சி பிடித்தால் நடங்கள்.

மறுநாள் தசை லேசாகக் கனத்தால் பரவாயில்லை. வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.