ஏழெட்டு விண்டோஸ் கணினி, நடுவில் ஒரு லினக்ஸ் சர்வர்: சாம்பாவை ஒழுங்காக அமைப்பது எப்படி?

ஆபீஸில் எல்லோருக்கும் பொதுவாக ஃபைல் வைக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் சும்மா கிடக்கும் கணினி ஒன்றில் டெபியனோ உபுண்டு சர்வரோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்டு, லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் கணினிகளோடு பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளை நிறுவினால் போதும். 2012-இல் வந்த சாம்பா 4.0 முதல் லினக்ஸையே டொமைன் கன்ட்ரோலர் (எல்லாக் கணினிகளின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வர்) ஆக்கலாம்தான், ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பு எந்த டொமைனிலும் சேராது. கடையில் வாங்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், அதனால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரவுட்டரில் சர்வருக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். அப்புறம் ஆளுக்கொரு லினக்ஸ் கணக்கு, எல்லோரும் சேர்ந்த ஒரு குரூப். கணக்கு உருவாக்கியதோடு விட்டால் விண்டோஸ் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும், ஏனென்றால் சாம்பா தனியாக ஒரு பாஸ்வேர்ட் பட்டியல் வைத்திருக்கிறது. எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் ஒவ்வொருவரையும் அதிலும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பெரிய தலைவலி. ஒருவர் போட்ட எக்செல் ஃபைலை இன்னொருவர் திறந்தால் 'ரீட் ஒன்லி' என்று வரும். சாம்பா அனுமதித்தாலும் லினக்ஸ் அனுமதி தடுக்கும், இரண்டும் சரி என்றால்தான் எழுத முடியும். புதிய ஃபைல் உருவாக்கியவரின் சொந்த குரூப்பில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். ஃபோல்டரைப் பொது குரூப்புக்கு மாற்றி 2770 அனுமதி கொடுங்கள் (குரூப்பில் உள்ளவர்கள் படிக்கலாம், எழுதலாம்; புதிய ஃபைலும் அதே குரூப்பில் சேரும்). சாம்பா கான்ஃபிக் ஃபைலில் அந்த ஷேரின் (பகிரும் ஃபோல்டரின்) கீழ் ஃபோர்ஸ் குரூப்பாக அதே பெயரைப் போட்டு, கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 0770 என்று வையுங்கள். கான்ஃபிக் ஃபைலைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டி எழுத்துப்பிழை இல்லை என்று பார்த்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யலாம். ஃபயர்வாலில் சாம்பா பயன்படுத்தும் 445 போர்ட் ஆபீஸுக்குள் மட்டும் திறந்தால் போதும், ரவுட்டர் வழியாக வெளியே திறக்கவே கூடாது.

விண்டோஸில் நெட்வொர்க் டிரைவாக இணைக்கும்போது சர்வரின் பெயர் வேண்டாம், ஐபியையே கொடுங்கள். நெட்வொர்க் ஜன்னலில் சர்வர் தெரியவில்லையே என்று எஸ்எம்பி1-ஐ (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையின் பழைய பதிப்பு) இயக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்து பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஜன்னலில் சர்வர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், அதில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு மென்பொருளை நிறுவினால் தெரியும். பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் ஷேரும் வீண்வேலை, விண்டோஸ் 11 புரோவின் 24ஹெச்2 பதிப்பு இயல்பாகவே அதை மறுத்துவிடுகிறது. 1219 என்ற பிழை வந்தால் அதே சர்வருக்கு வேறு பயனர் பெயரில் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம், அதைத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

ஷேரில் அழிக்கும் ஃபைல் விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூலை இயக்கினால் தனி ஃபோல்டரில் தங்கும், ஆனால் அது தானாகக் காலியாகாது. 30 நாள் ஆனதை நீக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.