ரேஸ்ல இயர்போன் போடணும்னா இப்படி போடுங்க

மலேசியாவுல பினாங்கு பாலத்துலயோ, கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துலயோ ஓட்டப்பந்தயம் ஓடப்போறீங்கன்னா மொதல்ல அந்த ரேஸோட ரூல்ஸ படிங்க, ஏன்னா உலக தடகள விதிப்படி போட்டியில மியூசிக் பிளேயர் வச்சிருந்தா அது உதவி வாங்குன கணக்கு, பரிசுக்கு ஓடுறவங்க தகுதியே போயிடலாம். சும்மா ஓடி முடிச்சா போதும், ரூல்ஸும் விடுதுன்னா போன் (bone, அதாவது எலும்பு) கண்டக்‌ஷன் ஹெட்போன் நல்லது, கன்னத்தெலும்பு வழியா சத்தம் போகும், காது தொறந்தே இருக்கும். இல்லன்னா ஒரு காதுல மட்டும் மாட்டுங்க. போன வருஷம் விடியக்காலை இருட்டுல பின்னாடி மோட்டார்ல வந்த மார்ஷல் (ரேஸ் பாதைய பாத்துக்குறவரு) மூணு தடவ ஹாரன் அடிச்சிருக்காரு, ரெண்டு காதும் அடைச்சிருந்ததால எனக்கு கேக்கவே இல்ல, ஹேண்டில்பார் முழங்கைய உரசிட்டு போச்சு, இப்ப நெனச்சாலும் நெஞ்சு பதறுது. வெளிச்சத்தத்த அடக்குற நாய்ஸ் கேன்சலிங் வேணவே வேணாம். தண்ணி குடிக்கிற எடத்துல கழட்டிருங்க, அங்கதான் ஆளுங்க திடீர்னு நிப்பாங்க.