மரபணுத் திருத்தச் செய்தியை வாசிப்பது எப்படி?

2025 மே 4 அன்று டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அடுத்த நாள் காலை என் மாமா தொலைபேசியில், "ஏன் மாப்ள, கடையில விக்கிற ஆந்திரா பொன்னியையும் மாத்திட்டாங்களாமே?" என்று கேட்டார். அறிவிக்கப்பட்ட ரகங்களுள் ஒன்றான கமலா, நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று வழங்கும் பி.பி.டி. 5204 என்ற சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. ஆகவே அவர் கேட்டதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியை அவருக்குத் தந்தது, அவர் வாசித்த தலைப்பு. இத்தகைய செய்தி கைக்கு வரும்போது அதை எந்த வரிசையில் சோதித்துப் பார்க்கலாம் என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் தலைப்பில் உள்ள பெயர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். 'மரபணு மாற்றம்' என்ற சொல், பி.டி. பருத்தியோடும், 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்த பி.டி. கத்தரிக்காயோடும் நம் நாளிதழ்களில் வேரூன்றியது. அவற்றில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு பயிருக்குள் சேர்க்கப்பட்டது. கமலாவில் செய்ததோ, கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதில் பங்குள்ள, நெல்லுக்கே உரிய ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்தது. இவ்வாறு வெளி டி.என்.ஏ. தங்காத பயிர்களுக்கு, மரபணு மாற்றிய உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. எனவே இரண்டையும் 'மாற்றம்' என்றே எழுதும் செய்தி, வாசகருடைய பழைய அச்சத்தைப் புதிய பொருளின்மீது ஏற்றிவிடுகிறது. அதற்காக 'திருத்தம்' என்பது நடுநிலையான சொல் என்று எண்ணிவிடவும் கூடாது. பிழை இருந்தால்தானே திருத்தம்? சம்பா மசூரியில் அப்படி எந்தப் பிழையும் இல்லை. விளைச்சல் கூட வேண்டும் என்று மனிதர் விரும்பினர், அவ்வளவே. 'மரபணுக் கத்தரிக்கோல்' என்ற உவமையும் இப்படித்தான் பாதியோடு நின்றுவிடுகிறது. திருத்தத்துக்குப் பயன்படும் கருவியான கிரிஸ்பர் டி.என்.ஏ.வை வெட்டுகிறது என்பது சரி. வெட்டிய இடத்தை ஒட்டுவது செல்லின் வேலை, அது எப்போதும் நாம் நினைத்தபடி ஒட்டுவதில்லை. இந்தத் துறையின் கவலைகளுள் பல அந்த ஒட்டிலிருந்தே தோன்றுகின்றன.

அடுத்து எண்கள். கமலா 19 சதவீதம் கூடுதல் விளைச்சல் தரும் என்ற செய்தியைக் கண்டால், எதைவிட, எங்கே என்று கேட்க வேண்டும். அது தாய் ரகமான சம்பா மசூரியோடு ஒப்பிட்டு, சோதனை வயல்களில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட கணக்கு. உங்கள் வயலில் இன்று நிற்கும் ரகத்தோடு ஒப்பிட்டதன்று. மற்றொரு ரகமான பூசா டி.எஸ்.டி. நெல் 1-க்குச் சொல்லப்பட்ட 30.4 சதவீதம், உப்பும் காரமும் ஏறிய நிலங்களில் 9.66 முதல் 30.4 வரை என்ற வரம்பின் மேல்முனை. தலைப்புக்கு எப்போதும் மேல்முனைதான் பிடிக்கும். அமைச்சரின் அறிவிப்பிலேயே, 50 லட்சம் ஹெக்டேரில் பயிரிட்டால் 45 லட்சம் டன் நெல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. 'பயிரிட்டால்' என்பதில் உள்ள 'ஆல்' செய்தி பகிரப்படும்போது உதிர்ந்துவிடும். 45 லட்சம் டன் மட்டும் நிற்கும். மரபணுத் திருத்தம் பற்றிய எந்தச் செய்தியிலும் இந்த 'ஆல்' எங்கே போயிற்று என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது, ஆய்வு எத்தனை உயிர்களில் நடந்தது என்பது. செய்தியின் கடைசிப் பத்தி வரை சென்றால்தான் பெரும்பாலும் இது அகப்படும். 2017 மே மாதம் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, கிரிஸ்பர் செய்த எலிகளில் எதிர்பாராத மரபணு மாறுதல்கள் ஏராளமாகக் காணப்பட்டதாகச் சொன்னது. உலகெங்கும் அது செய்தியாயிற்று. இத்தொழில்நுட்பத்தை நம்பியிருந்த நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. அந்த ஆய்வில் இருந்தவை மூன்றே எலிகள்: திருத்தப்பட்டவை இரண்டு, ஒப்பீட்டுக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் பொதுவாக இருந்த மாறுதல்கள் பெற்றோரிடமிருந்தே வந்திருக்கலாமே என்று பிற ஆய்வாளர்கள் கேட்டனர். ஒரே குடும்பத்தில் பிறந்த இருவரின் மூக்கு ஒன்றுபோல் இருப்பதற்கு இருவரும் போட்டுக்கொண்ட தடுப்பூசியைக் காரணம் காட்டுவது போன்றது இது. 2018 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்ற செய்தி முதல் செய்தியைப் போலப் பரவுவதில்லை. ஆகையால் பழைய செய்தி ஒன்றை யாராவது அனுப்பினால், அதில் குறிப்பிடப்படும் ஆய்விதழின் தளத்துக்குச் சென்று அந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்கலாம். திரும்பப் பெறப்பட்டதாயின் தலைப்பிலோ அதன் அருகிலோ 'ரிட்ராக்டட்' என்று குறித்திருப்பார்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஆய்விதழின் பெயரே இல்லாத செய்தியும் உண்டு. 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், கருநிலையில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தபோது, உலகம் அதைச் செய்தி நிறுவனங்கள் வழியாகவும் அவரே வெளியிட்ட யூடியூப் காணொளிகள் வழியாகவும்தான் அறிந்தது. அப்போது ஆய்விதழில் எந்தக் கட்டுரையும் இல்லை. எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைகள் என்று பல தலைப்புகள் கூறின. அதே வாரம் ஹாங்காங் மாநாட்டில் அவர் காட்டிய தரவுகளைப் பார்த்தவர்கள், எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய உதவும் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவில் இயற்கையாகச் சிலருக்குப் பாதுகாப்பளிக்கும் அந்த மாறுதல் அக்குழந்தைகளிடம் உண்டாகவில்லை என்று சுட்டிக்காட்டினர். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இடையில் 2019 ஜூனில், அந்த இயற்கை மாறுதலின் இரு படிகளும் உடையவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 21 சதவீதம் அதிகம் என்ற ஆய்வு வெளிவந்து, 'திருத்தப்பட்ட குழந்தைகள் சீக்கிரம் இறக்கலாம்' என்ற பொருளில் செய்திகள் வந்தன. அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்த ஆய்வும் திரும்பப் பெறப்பட்டது. வியப்பும் அச்சமும் ஒரே அவசரத்தில் அச்சேறியதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மருத்துவச் செய்தியில் வினைச்சொல்லை நிறுத்திப் படிக்க வேண்டும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்கெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை, அரிவாள் அணு இரத்தசோகையைக் 'குணப்படுத்திவிட்டது' என்று எழுதப்பட்டது. ஆய்வின் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது: போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாகக் கடும் வலித்தாக்குதல் வரவில்லை. அது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்கள்) உடலிலிருந்து எடுத்து, வெளியே திருத்தி, கடுமையான கீமோதெரபிக்குப் பின் திரும்பச் செலுத்துவது அந்தச் சிகிச்சை. அனுமதி பெற்றபோது அதன் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்நோய் உண்டு என்பதை அறிந்த நமக்கு, விலை இல்லாத செய்தி பாதிச் செய்திதான். திருத்தம் நோயாளியின் உடல் செல்களோடு முடிகிறதா, கருவில் செய்யப்பட்டுத் தலைமுறைக்குச் செல்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 'வடிவமைத்த குழந்தை' என்ற அச்சத்தை முதல் வகைச் செய்தியில் சேர்ப்பது பொருத்தமற்றது.

செய்தியில் யார் பேசுகிறார்கள் என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். 2025 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நிறுவனம் அழிந்துபோன டயர் ஓநாய் (dire wolf) என்ற இனத்தை மீட்டுவிட்டதாக அறிவித்தது. செய்யப்பட்டது சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள். அந்த எண்களை நிறுவனமே வெளியிட்டிருந்தது. அதற்குத் தொடர்பில்லாத ஒரு விலங்கியலாளரின் கருத்தாவது இருந்த செய்தியில், 'மீட்பு' என்ற சொல் மேற்கோள் குறிக்குள் போயிருந்தது.

மாமாவுக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது. அறிவிப்பு வந்த நாளில் விதை உழவர் கைக்கு வந்துவிடவில்லை. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கிய பின்னரே வரும். அன்று கடையில் இருந்த அரிசி பழைய ஆந்திரா பொன்னிதான். விதை வாங்கும் நாளில் மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பாருங்கள், பி.பி.டி. 5204 என்றிருந்தால் அது பழையது, டி.ஆர்.ஆர். தான் 100 (DRR Dhan 100) என்றிருந்தால் அதுதான் கமலா என்றேன். "அப்ப பேப்பர்ல இதைப் போட்டிருக்கலாமே" என்றார்.