வறுமையைப் படமெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

உப்பளம், செங்கல் சூளை, குப்பைமேடு என்று கேமராவோடு கிளம்பும் புதியவர்களின் படங்களைப் பார்க்கிறேன். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. ஃபோகஸ், வெளிச்சம் பற்றிச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கை பழகினால் சரியாகிவிடும்.

பெயர் கேட்காமல் திரும்புவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படம் ஒன்றை ஒரு தம்பி காட்டினார். தலையில் உப்புச் சுமையோடு வரப்பில் நடந்துவரும் ஓர் அம்மா. அருமையான படம்.

"இவங்க பேரு என்னப்பா?"

"கேக்கலண்ணே."

கூலி எவ்வளவு? எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்? ஐப்பசி மழையில் உப்பளம் நின்றுபோனால் அடுப்பு எப்படி எரியும்? எதுவும் தெரியவில்லை. அந்தக் கூலியிலும் வேலையில்லாத மாதங்களிலும்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. படம் மட்டும் அதைச் சொல்லாது, கூடவே குறிப்பு வேண்டும். குறிப்பில்லாத படத்தை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள்.

1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். பெயர் கேட்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். படம் உலகமெங்கும் பரவியது. முகாமுக்கு அரசு உணவு அனுப்பியபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 1978 ஆனது. அவர் செரோக்கி பழங்குடிப் பெண் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கோபப்பட்டார். பதில் சொல்ல லாங்கே இல்லை, 1965இலேயே இறந்துவிட்டார்.

பெயர், ஊர், வேலை, கூலி நான்கையும் அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதிவைப்பது வேறு, வெளியிடுவது வேறு. சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வெளியேற முடியாமல் வேலை செய்கிறவரின் முகத்தையும் பெயரையும் சேர்த்துப் போட்டால் அடி அவருக்குத்தான் விழும். அவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

சாக்கடைக் குழிக்குள் இறங்கிக் காட்டச் சொல்வது

கேட்கவே கேட்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. உள்ளே விஷவாயு இருக்கும். ஒரு படத்துக்காக ஓர் உயிர் போகலாம்.

காசு கொடுத்து அழச் சொல்வது

கூடாது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதது

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. பல வீடுகளில் போன் மகன் கையில் இருக்கும், அவரும் வெளியூரில் வேலையில் இருப்பார். பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர் கையிலேயே நேரில் கொடுங்கள்.