‘சடோரி’ மறுபதிப்பு வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய ராக் குழுவான ஃப்ளவர் டிராவலின் பேண்டின் ‘சடோரி’ 1971இல் ஜப்பானில் வந்த ஆல்பம். அதன் மறுபதிப்பை வாங்கிவிட்டு, புதிதாக ரெக்கார்டு சேர்ப்பவர்கள் ஆசையாக எனக்குப் படம் அனுப்புகிறார்கள். பல படங்களைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிடுகிறது. நான் விழுந்த அதே குழி. தூசி தட்டுவது, விரல் படாமல் பிடிப்பதெல்லாம் தெரிந்ததுதான், விடுங்கள்.

எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்காமல் வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நான் வாங்கியதில் தடித்த அட்டை, கனமான தட்டு, ஓபி (ஜப்பானியத் தட்டுகளின் அட்டையைச் சுற்றி வரும் காகிதப் பட்டை) எல்லாம் இருந்தன. முள்ளை வைத்தேன். ஜோ யமனகாவின் குரலும் ஹிடேகி இஷிமாவின் கிட்டாரும் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சத்தத்தில் அலறின. சிம்பல் மணலைத் தேய்ப்பதுபோல் கேட்டது. அப்புறம் நண்பரின் சிடியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், அச்சு அசல் அதே ஒலி! சிடியில் இருந்ததைத் தட்டில் ஏற்றி, மூன்று மடங்கு விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பின்னட்டையைப் படியுங்கள். உரிமை யாரிடம் பெற்றார்கள், மூல டேப்பிலிருந்து எடுத்ததா, மாஸ்டரிங் (அச்சிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) செய்தவர் யார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘ரீமாஸ்டர்’ என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது. பாட்டு முடிந்ததும் லேபிளைச் சுற்றி வரும் வெற்றுப் பட்டையில் கீறியிருக்கும் எழுத்துகளையும் பாருங்கள்; அங்கேயும் தடயம் கிடைக்கலாம்.

“பழைய பாட்டு, உரிமை முடிந்திருக்கும்” என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். முடியவில்லை. ஜப்பானில் ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 2018 டிசம்பரில் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டது. உரிமம் இல்லாத தட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் வாசித்தவர்களுக்கு ஒரு பைசா போகாது.

180 கிராம்

அது தட்டின் எடை. ஒலித்தரம் அல்ல.

ஓபியை நம்புவது

ஓபி வெறும் காகிதப் பட்டை. ஐரோப்பாவில் அச்சான தட்டுக்கும் அதைச் சுற்றி விற்கிறார்கள்.

கண்ணாடித்தாளைப் பிரிக்காமல் வைப்பது

அட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் அதைப் பிரித்துவிடுங்கள். வெக்கையில் இறுகித் தட்டை வளைக்கும்.

பிவிசி உறை

மலிவான பிவிசி உறையிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின்மேல் பனிபோல் படியும். எவ்வளவு கழுவினாலும் அதனால் வரும் இரைச்சல் போகாது. பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள்.