ஓட்டலில் டிப்ஸ்: கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டோடு பில் வந்து சேரும்போது, டிப்ஸ் வைக்க வேண்டுமா, எவ்வளவு வைக்க வேண்டும், வைக்காமல் எழுந்தால் தவறாக நினைப்பார்களா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு வருகிறது. நம் ஊரில் டிப்ஸ் கொடுப்பது வாடிக்கையாளரின் கடமை அன்று. பணியாளருக்கு உரிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டியவர் முதலாளிதான். ஆனால் கொடுக்க மனம் வந்துவிட்டால், பரிமாறியவரின் கைக்கே அது போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும்.

முதலில் பில்லைக் கடைசி வரி வரை படியுங்கள். ஜிஎஸ்டி என்பது வரி. பெரும்பாலான உணவகங்களில் அது 5 சதவீதம். அதைத் தவிர ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 5 அல்லது 10 சதவீதம் சேர்த்திருந்தால், அது அரசுக்குப் போகும் பணம் அன்று, ஓட்டல் தானாகச் சேர்த்த தொகை. இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அவற்றை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தொகையை நீக்கச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். பில்லைக் கொண்டு வந்தவரிடம் கோபப்படாதீர்கள், ஏனெனில் அதைச் சேர்த்தவர் அவர் அல்லர். சென்னையில் ஓர் உணவகத்தில் இப்படி ஒரு பில் வந்தபோது, “இது உங்களுக்குத்தானே வரும்?” என்று பரிமாறியவரிடம் கேட்டேன். அவர் கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்க கைக்கு வராது சார்” என்றார். மேலாளரிடம் சொல்லி அந்த சர்வீஸ் சார்ஜை எடுக்க வைத்துவிட்டு, அதே தொகையை அவர் கையில் கொடுத்தேன். நோட்டுகளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. மேலாளர் நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கொடுப்பதானால் ரொக்கமாக, நேரில் கொடுப்பதே நல்லது. யுபிஐயில் பில் தொகையோடு சேர்த்து அனுப்பினால் அது ஓட்டல் கணக்குக்குப் போய்விடும். பிறகு யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. கல்லாவில் டிப்ஸ் பெட்டி இருந்தால், மேசை துடைப்பவருக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ வந்து, நாம் சாப்பிட்ட இலையையும் தட்டையும் எடுக்கும் பிள்ளைகளைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தொகைக்குக் கணக்கு ஏதுமில்லை. இரண்டு இட்லிக்குப் பத்து ரூபாய் போதும். குழந்தைகளோடு பத்துப் பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதற்கேற்பக் கொடுங்கள். நாமே எடுத்துச் சாப்பிடும் இடங்களில் தேவையில்லை.

வண்டியைப் பதிவு செய்யும்போதே கூடுதல் பணம் கேட்கும் செயலிகளின் ‘முன்கூட்டிய டிப்ஸ்’ என்பதை டிப்ஸ் என்றே நான் ஏற்க மாட்டேன். சேவை நடப்பதற்கு முன் கேட்பது விலையேற்றம்தான். 2025 மே மாதத்தில் அதே ஆணையம் இது குறித்து ஒரு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் மட்டும், டிப்ஸ் கடமை இல்லை என்ற நம் ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். டிப்ஸ் பெறும் பணியாளருக்கு அந்நாட்டு மத்தியச் சட்டப்படி முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டுமே முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே தர வேண்டும். ஆகவே அங்கே மேசையில் வந்து பரிமாறும் உணவகங்களில் 15 முதல் 20 சதவீதம் வரை வைப்பது வழக்கம். பெரிய கூட்டமாகப் போனால் ‘கிராச்சுவிட்டி’ என்ற பெயரில் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இரண்டாம் முறையும் கொடுத்துவிடாதீர்கள்.